எண்பத்தேழில் ஒன்று

பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது.
மூடி கிழிந்த டப்பா, ஜெர்மனில் குறிப்பேடு.
எந்தத் துறைமுகத்திலோ
அறுபது வருஷம் தீயணைத்த படகாம்.
எண்பத்தேழில் ஒரு பங்காகி
எங்கள் சாப்பாட்டு மேஜையில் உதிரியாய்க் கிடக்கிறது.

நாற்பத்து மூன்றாம் எண் பாகம் இல்லை:
முன்தளத்தில் தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி.
"வியாசர்பாடியில அதுக்கு எங்க போவ?"
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் அருளப்பன்.
தீர்ந்துபோன ரீபிளின் முனையை
வெட்டி ஒட்டினேன்.
அவரிடம் சொல்லவில்லை.

சித்திரை வெயில்.
ஃபேனைப் போட்டால் ஏணிப்படிகள் பறக்கும்,
நிறுத்தினால் வீடே என்னைத் திட்டும்.
கொடியிலிருந்து மூன்று துணிக் கிளிப்
படகின் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்க,
அன்றைய துணிகள் மாடியில் பறந்தன.

பெயர் ஸ்டிக்கரை ஊறவைக்க
ஒரு சாசர் தண்ணீர் வேண்டும்.
குழாயில் காற்று. லாரி நாளைக்குத்தான்.
ஆற்றையே உறிஞ்சி இறைத்த படகுக்கு
குடிக்கிற கேனிலிருந்து
நாலு ஸ்பூன்.

கடைசியில் வெள்ளை, மேல்தளத்துக்கு இரண்டு பூச்சு.
காயட்டுமென்று ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிவிட்டேன்.
கொடுங்கையூர்க் குப்பைமேடு
அன்றிரவு பற்றிக்கொண்டிருக்கிறது.

காலையில் வெள்ளையெங்கும் கரித்துகள்,
பெயின்ட்டோடு சேர்ந்து காய்ந்து.
துடைக்கத் துணியெடுத்தவள் அப்படியே நின்றேன்.
நேற்றுவரை பொம்மை.
இன்று அதற்கு
வேலைக்குப் போய்வந்த முகம்.

அருளப்பன் இருமிக்கொண்டே வந்தார்,
குனிந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"முன்னாடி இருக்கிறது
ரெனால்ட்ஸ் ரீபிள்தானே?"