ஆறு கட்டங்கள்

மைல்ஸ் சிட்டியில் மார்ச் மாதப் பனி சேறாகிக்கொண்டிருந்தது.
வெர்னா டாலெஃப்சன் இரண்டு ரிவால்வர்களை
ஒரே துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
பாத்திரம் துடைக்கிற துண்டு, மூலையில் அடுப்புக் கருக்கல்.

விளக்கைக் கீழே இழுத்தேன்.
யாரும் கேட்காமலே பேசத் தொடங்கிவிடுவேன், அது என் வியாதி.

இது அசல். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு.
நீலமெல்லாம் போய் பிளம் பழத்தோல் நிறம்.
உறையில் உரசிய பக்கம் மட்டும் வெள்ளி.
இது மறுபதிப்பு, இத்தாலியில் செய்தது, வயது பதினொன்று.
பழசாகக் காட்ட அமிலத்தில் முக்கியிருக்கிறார்கள்.
தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு பாருங்கள்,
எந்த இடுப்பும் அப்படித் தேய்க்காது.

சுத்தியலைப் பின்னால் இழுத்துக் காட்டினேன்.
அசலில் நான்கு சொடுக்கு,
உறைந்த குளத்தில் ஒருவன் யோசித்து யோசித்துக்
கால் வைப்பதுபோல.
புதியதில் இரண்டே இரண்டு.
அந்தச் சத்தத்துக்குத்தான் காசு, என்றேன்.
ஒன்றை விற்றால் பிக்கப் வண்டி.
மற்றதை விற்றால் அதற்கு டயர், நான்கும் கிடைக்காது.

விலை அவள் காதில் விழவில்லை.
"கீழே விழுந்தால் வெடிக்குமா?"

எது?

"இரண்டும்."

புதியதில் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தகடு.
விரல் விசையை இழுத்தால்தான் அது எழும்பும்.
ஆறும் போடலாம், கூரையிலிருந்து எறியலாம்.
அசலில் ஊசி சுத்தியலோடு ஒட்டியது,
ஆறு போட்டால் ஒரு தோட்டாவின் முதுகிலேயே படுத்திருக்கும்.
அதனால் ஐந்துதான் போடுவார்கள்.
தெரிந்தவர்கள்.

சொன்ன பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன்.
துண்டை நான்காக மடித்து, பிரித்து,
மறுபடி நான்காக மடித்துக்கொண்டிருந்தது.

"டெல்மர் ஆறு போடுவான்.
பத்து வருஷம் இந்தப் புதியதைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தான்.
பாகப்பிரிவினையில் அது வந்த மறுநாளே
வேலி பார்க்கக் கட்டிக்கொண்டு போனான்.
கம்பியைத் தாண்டும்போது உறையிலிருந்து நழுவி..."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஹீட்டர் காற்றில்
ஒரு விலைச்சீட்டு ஆடியது.

அசலை விட்டுவிட்டு மற்றதைத் துண்டில் சுற்றிக்கொண்டாள்.
காசோலையை எண்ணாமல் மடித்தாள்.
கதவருகே பூட்ஸைத் தட்டினாள், வெளியே போகிறவள்
எதற்குத் தட்ட வேண்டும்.

என் பேரேட்டில் ஒரு வரிசைக்கு ஆறு கட்டம்.
எண். ஆண்டு. குழல் நீளம். விலை.
நிலை என்ற இடத்தில் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்:
இயக்கத்தில் குறையில்லை.
ஆறாவது, வேறு குறிப்புகள்.
அதைக் காலியாக விட்டேன்.