இரண்டு நொடி முனகல்

சாவியைத் திருப்பினால்
பின்சீட்டுக்கு அடியில்
இரண்டு நொடி ஒரு முனகல்.
பதினோரு வருடமாக யார் காதிலும் விழாதது
இன்று இல்லாதபோது
கேட்டது.

படகோனியக் காற்று கதவைத் திறக்க விடவில்லை.
அடுத்த ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்.
முள் அரை டேங்க் காட்டுகிறது.
இருக்கிறது,
வந்து சேரவில்லை.

நெலிதாவின் வலது ஷூவைக் கேட்டு வாங்கி
ஒவிதியோ வண்டிக்கடியில் நுழைகிறான்.
டேங்க்கின் வயிற்றில் குதியால் ஒரு தட்டு.
"இப்போ!"
அவள் திருப்புகிறாள்.
ஒன்றுமில்லை.
"இப்போ!"

டாஷ்போர்டில் விவாகரத்துத் தாள்கள்
வெயில் காய்கின்றன.
நீதிமன்றம் நாலு மணிக்கு மூடிவிடும்.

ஏழாவது தட்டில் முனகியது.
"அணைச்சிடாதே!" என்று அடியிலிருந்தே கத்தினான்.

வெறும் பாதத்தால் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி
அவள்தான் ஓட்டினாள்.
ஷூ நடுரோட்டில் கிடந்தது.
திரும்பலாமா என்று
இருவரும் கேட்கவில்லை.