ஒன்பது கிராம்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த கலியபெருமாள்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வைத்துக் கொடுத்தான்.
பொட்டலத்தின் மேலே சிவப்பில் சீன எழுத்து.
அதன் கீழே முருகையனின் கோணல் தமிழ்:
சியாங்ஃபூ. மாச வலிக்கு.

பிரித்தேன். கண்ணுக்கு முன்னால்
மூக்குக்குத் தெரிந்துவிட்டது.
கற்பூரமும் ஈரமண்ணும் கலந்த வாடை,
மேலாகக் கொஞ்சம் காடிப் புளிப்பு.
நறுக்கி வறுத்த
கோரைக்கிழங்கு.

முந்தாநாள் முழுக்க இதைத்தான் பிடுங்கினேன்,
நேரடி விதைப்பு வயலில், முன்னூறு ரூபாய்க்கு.
இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க,
புடவை நனைந்துவிட்டதோ என்று
பத்தடிக்கு ஒருதரம் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டு.
இழுத்தால் தாள் வரும். கிழங்கு வராது.
மண்ணுக்குள் ஒரு நூல் விட்டு
அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

காத்தாயி வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள்:
"பன்னி கிளறித் திங்கிறத
பதினெட்டு வெள்ளிக்கு வாங்கியிருக்கானே உம் புருசன்!"

ராத்திரி போனில் ஒப்பித்தான்.
ஒன்பது கிராம். மூணு டம்ளர் தண்ணி ஒண்ணாகச் சுண்டணும்.
ஈரலில் காற்று அடைபடுமாம்.
வாய்க்கு வராத கோபம் அங்கே போய்
முடிச்சுப் போட்டுக்கொள்ளுமாம்.
இது அவிழ்க்குமாம்.
மார் கட்டினால் அதையும் இளக்குமாம்.

எந்த பாஷையில சொன்னே நீ அவருக்கு?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
கடை நிறைய ஆட்களாம்.
அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து
முகம் சுளித்துக் காட்டினானாம்.
அப்புறம் இடுப்பு.
அப்புறம் மூன்று விரல், மூன்று நாள் என்று.
வைத்தியர் சிரிக்கவில்லையாம்.

பதினோரு வருஷம்.
"தலைக்குத் தண்ணி ஊத்திட்டியா" என்பதைத் தாண்டி
ஒரு வார்த்தை கேட்டதில்லை இந்த மனுஷன்.

ஒன்று மட்டும் திருப்பிக் கேட்டாராம்,
கண்ணை உருட்டி, முஷ்டியை மடக்கிக் காட்டி:
உன் சம்சாரத்துக்குக் கோபம் வருமா?
"நீ என்ன சொன்னே?"
"உனக்கா? வரவே வராதுன்னு தலையாட்டிட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.
கிராமுக்குத் தராசில்லை. ஒரு கை அள்ளிப் போட்டேன்.
தீர்ந்தால் வயலில் எடுக்க முடியாது,
களைக்கொல்லி அடித்த மண்.
வாய்க்கால் கரையில்தான் தோண்டணும்.

கசப்பு. துவர்ப்பு. தொண்டையில் கற்பூரம்.
டம்ளரைக் கவிழ்த்துவிட்டு
அவனுக்கே திரும்பப் போட்டேன்:

"அடுத்த தடவ அந்தக் கடைக்குப் போனா
வரும்னு சொல்லு."