அஷ்டமிக்கு வருகிறவள்

ஊருக்கெல்லாம் ஆகாத அஷ்டமி
எங்கள் வீட்டுக் காலண்டரில் மட்டும்
பச்சை ஸ்கெட்ச்சில் வட்டமிட்டிருக்கும்.
பாசி எடுக்கப் போகாத தண்ணி அது.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்
கடலுக்குக் கொடுத்தது போக
மிஞ்சுகிற நாளில்தான்
பாம்பனில் பஸ் ஏறுவாள் பூமயில்.

"இப்ப எங்க வர்றாங்க?"
விடிந்ததிலிருந்து இலக்கியா கேட்பது ஏழாவது தடவை.
பல் இன்னும் தேய்க்கவில்லை.
நித்திலன் இட்லியைத் தண்ணீர் டம்ளரில் முக்கி
ஆமை நீந்துது என்கிறான்.
பாலத்தில் டூரிஸ்ட்காரன் வண்டியை நிறுத்திப்
போட்டோ எடுக்கிறான், அதான் லேட் என்று
நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பால் பொங்கி
அடுப்பை அணைத்துவிட்டது.

ராமநாதபுரத்தில் கையெழுத்துப் போட்ட தாள்களில்
இவள் வந்துபோவது பற்றி ஒரு வரியும் கிடையாது.
வெளியே, ஜெராக்ஸ் கடை நிழலில்
எட்டு மாதப் பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு
"அது கேட்டா மறைக்காதீங்க" என்றாள்.
சரி என்றேன்.
அவ்வளவுதான் பத்திரம்.

முதல் வருஷம் அவள் வருகிற நாளெல்லாம்
பினாயில் ஊற்றித் தரை துடைப்பேன்.
பிள்ளைக்குப் புதுக் கவுன் மாட்டிவிட்டு
பரீட்சைக்கு உட்கார்ந்தவள்போல வேர்ப்பேன்.
அவள் நிலைப்படி தாண்டமாட்டாள்.
"உங்க பிள்ளை நல்லா வளந்திருக்கு" என்பாள்.
உங்க பிள்ளை.
அந்தச் சொல்லை எடுத்து வர
எவ்வளவு ஆழம் மூச்சடக்கியிருப்பாள் என்று
அப்போது எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் நேரே அடுப்படிக்கு வந்து
குழம்பில் உப்புப் பார்க்கிறாள்.
கொஞ்சம் குறையுது என்கிறாள்.
எனக்குச் சுருக்கென்கிறது.
குழம்பு உண்மையிலேயே சப்பென்றுதான் இருக்கிறது.

சாப்பிட்டதும் பேன் பார்க்கும் நேரம்.
இலக்கியாவின் உச்சியில் ரெண்டு சுழி.
நான் வாரினால் கோணல் வகிடு, ஒரே அழுகை.
பூமயில் எங்கோ பார்த்தபடி
ஒரே இழுப்பில் வகிடெடுக்கிறாள்.
அவளுக்கும் அதே இடத்தில் அதே இரண்டு.
பாறை கீறிய விரல்களில்
துணி சுற்றிய தடம் இன்னும் வெளுப்பாக.
நான் ரப்பர்பேண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்
ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி.

பக்கத்து வீட்டு தனபாக்கியம் எட்டிப் பார்த்து
"ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம்டி" என்று சிரிக்கிறாள்.
"இல்ல, ரெண்டு அம்மா" என்கிறது பிள்ளை,
மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல.
தனபாக்கியம் சிரிப்பை வைக்க இடமில்லாமல்
முருங்கைக்கீரை கேட்டு வந்ததாகச் சொல்கிறாள்.

அப்போதுதான் நித்திலன் ஆரம்பித்தான்.
நான் பெற்றவன். மூன்று வயசு.
பீரோ கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து பார்க்கிறான்,
தன் உச்சி தனக்குத் தெரிந்தால்தானே.
"எனக்கு எத்தன?"
ஒண்ணு, என்கிறாள் அக்கா.
ஓடு பிரிகிற மாதிரி அழுகை.
எனக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு அம்மா.
மிட்டாய் வேண்டாம், செல்போன் வேண்டாம்,
என் மடி அறவே வேண்டாம்.

பூமயில் என்னைப் பார்த்தாள்.
நான் தலையசைத்தேனா, நினைவில்லை.
எண்ணெய்க் கிண்ணத்தில் விரல் தொட்டு
அவன் சுழிக்குப் பக்கத்தில்
மெதுவாக இன்னொன்று வரைந்தாள்.
"ஒட்டிக்குமா?" என்றான் விக்கிக்கொண்டே.
"குளிச்சாப் போயிரும்" என்றாள்
(பொய் சொல்ல வராது அவளுக்கு),
"அடுத்த அஷ்டமிக்குத் திரும்பப் போடுவோம்."

நாலு நாளாக அவன் தலைக்குத் தண்ணீர் விட விடவில்லை.
தலையணை உறையில்
உள்ளங்கையளவு எண்ணெய்க் கறை.
சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு
காலண்டரைப் பார்க்கிறேன்,
இன்னும் பதினோரு நாள்.
வெளியே கச்சான் பலமாக வீசுகிறது.
இந்நேரம் அவள்
கழுத்தளவு தண்ணியில் நிற்பாள்.