இரண்டு மில்லிமீட்டர்

தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார் தோக்தொசுன்
நான் அவர் கடைவாயில் அடைத்த அடைப்பை.
காரா-கெச்சே சுரங்கத்திலிருந்து
நாரினுக்கு நிலக்கரி ஏற்றும் லாரிக்காரர்.
"மூன்றாவது முறை, டாக்டர்" என்றார்.
குரலில் கோபம் இல்லை. அதுதான் உறுத்தியது.

பூதக்கண்ணாடியின் கீழ் புரட்டிப் பார்த்தேன்.
மேற்புறம் ஊசி வழுக்கியது.
அடிப்புறம் இறங்கியது,
மெழுகில் இறங்குவதுபோல.
அரைவேக்காடு என்று ஆட்களைத் திட்டுவோமே,
அது வசையில்லை, ஓர் ஆழம் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
பல்லுக்குள் எந்தச் சோற்றை எடுத்து நசுக்க?
விளக்கைப் பார்த்த முகம் எப்போதும் வெந்தே இருக்கும்.
என் கருவி தட்டிப் பார்த்ததும்
அந்த முகத்தைத்தான், மூன்று குளிர்காலமாக.

பிஷ்கெக்கிலிருந்து
கம்ப்ரசர் பழுதுபார்க்க வந்த அர்காடி பாக்
பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்தார்.
"விளக்கை இதன் கண்ணில் வையுங்கள்."
ஆயிரம் காட்ட வேண்டிய இடத்தில்
இருநூற்று முப்பது.
"நீலமாகத்தானே எரிகிறது?"
"நம் கண்ணுக்கு எல்லா நீலமும் நீலம்தான்."
நானோ அதை ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகத்தவிர
நேராகப் பார்த்ததே இல்லை.

விளக்கின் நுனியில் பழைய பிசின்,
பால் பொங்கிய பாத்திர விளிம்பின் ஆடைபோல.
பிளேடால் சுரண்டினேன். முந்நூற்றுப் பத்து.
மீதிக் குற்றம் பல்புக்கு,
மாலையில் ஊரே ஹீட்டர் போடும்போது
தளர்ந்துபோகும் மின்சாரத்துக்கு,
ஜன்னலோரக் குளிரில் விறைத்துக் கிடந்த பிசின் குழாய்க்கு.
அப்புறம், எண்ணிப் பார்க்காத எனக்கு.
தோக்தொசுன் வருவது எப்போதும் மாலையில்.

பிசினுக்குள் என்ன நடக்கிறதென்று
கல்லூரியில் படித்ததுதான், மறந்துபோயிருந்தது.
மஞ்சள் துகள் ஒன்று நீலத்தை விழுங்கி விழிக்கும்.
தனித்தனியாய் நின்றவை கைகோக்கும்.
கைகோத்தால் நெருங்கும்.
நெருங்கினால் பல்லின் சுவரைவிட்டு
மயிரிழை விலகும்.
அந்த இழையில் தேநீர் இறங்கும், சர்க்கரை இறங்கும்.
குறைந்த ஒளி கெடுதல்.
ஒரேயடியாகக் கொட்டினால்
இறுக்கம் சுவரைப் பிய்க்கும்.
எவ்வளவு நல்ல விளக்கானாலும்
மூன்றில் ஒரு பங்கு
யார் கையும் கிடைக்காமலே நின்றுவிடும்.
அதையும் சேர்த்துத்தான் நாம் மெல்கிறோம்.

பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
தினம் மதியம் பத்துப் பேருக்கு ஃபோன் செய்கிறேன்.
"வந்து காட்டுங்கள், காசு வேண்டாம்."
பள்ளி ஆசிரியை ஒருத்தி சிரித்தாள்:
"ஆப்ரிகாட் கொட்டையே உடைக்கிறேன், போங்கள்."
ஒரு வீட்டில் மகள் எடுத்தாள்.
"அப்பா பிப்ரவரியில் போய்விட்டார்."
சற்றுப் பொறுத்து,
"பல் வலி என்று சொன்னதேயில்லை."
அந்தப் பெயருக்கு எதிரே
என்ன குறி போடுவதென்று தெரியாமல்
பேனாவை மூடி வைத்தேன்.

புது விளக்கு வந்தது, சம்பளத்தில் பிடித்தம்.
தோக்தொசுனைக் காலையில் வரச் சொன்னேன்.
இரண்டு மில்லிமீட்டர்,
ஓஷ் அரிசி ஒன்றின் தடிமன்.
வைத்தேன், நுனியைப் பல்லோடு ஒட்டிப் பிடித்தேன்.
விரற்கடை தூரம் விட்டாலும்
வெளிச்சம் பாதி வழியில் களவுபோகும்.
இருபது விநாடி.
மறுபடி இரண்டு. மறுபடி இருபது.
நான்கு அடுக்கு.
கண்ணை மூடிக்கொண்டு
பூட்ஸ் நுனியால் அவரும் எண்ணினார்,
பதினேழுக்குப் பின் எப்போதும் அவசரப்பட்டு.

"இன்றிரவு இடதுபக்கம் மெல்லுங்கள்" என்றேன்.
பாடப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.
விளக்கை அணைத்த பின்னும்
ஒரு நாள்வரை
இருட்டில் சில கைகள் தேடிக்கொண்டே இருக்கும் என்பது
மட்டும் அதில் இருக்கிறது.

இந்நேரம் அவர் கணவாய் ஏறிக்கொண்டிருப்பார்,
வாயை மூடி,
பின்னால் பதினெட்டு டன் கரியோடு.

நாளை நாற்பத்து மூன்றாவது பெயரிலிருந்து.