எடைச்சீட்டு

அக்டோபர் கடைசி வாரம்.
வடக்கு அயோவாவில் பாதி மக்காச்சோளம்
இன்னும் வயலில் நிற்கிறது.
லாரி எடைமேடைக்கு எதிரே என் அறை:
தூசி படிந்த சன்னல், காபிக் குடுவை, ஒரு ரேடியோ.
வாஷிங்டனில் அதிபரைப் பதவி நீக்கலாமா என்று
ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுகிறார்கள்.
இங்கே நேரக் கட்டுப்பாடு கிடையாது.

"பொய் பொய்தான்" என்கிறார் ஆரின் ட்வெட்.
"சத்தியம் செய்த வாயால் சொன்னது
ஊசியளவானால் என்ன, உலக்கையளவானால் என்ன?"

"எந்த அதிபர் பொய் சொல்லவில்லை?" என்கிறார்
வெர்லின் கச்மாரெக்.
"தோற்றவர்களின் வயிற்றெரிச்சல் இது.
மனிதரை வேலை பார்க்க விடுங்கள்."

எனக்கு இது மனப்பாடம்.
பல வருடங்களுக்கு முன், ஒரு பனிக்காலம்,
வேறொரு அதிபர், வேறொரு கட்சி.
அன்று பொய் பொய்தான் என்றவர் வெர்லின்.
அவர் மேசையைக் குத்தியதில் கவிழ்ந்த காபி
பழைய பதிவேட்டின் டிசம்பர் பக்கத்தில்
இன்னும் பழுப்பாக இருக்கிறது.
வேலை பார்க்க விடுங்கள் என்றவர் ஆரின்.
எப்போது மாற்றிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.
இரவல் ஏணியை
ஆளில்லாத நேரத்தில் வேலியோரம் சாத்திவிட்டுப் போவதுபோல
நடந்திருக்க வேண்டும்.

ஒருமுறை சொல்லிக்காட்டினேன்.
"அது வேறு" என்றார்கள்
இருவரும் ஒரே மூச்சில்.
இந்த வருடம் அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

வெர்லினின் லாரி மேடை ஏறுகிறது.
பக்கத்து இருக்கையில் பட்டன்.
பெயர்தான் பட்டன், உருவம் கன்றுக்குட்டி.
பாரத்தோடு எடை குறிக்கிறேன்.
கொட்டிவிட்டு வெறும் வண்டி திரும்பும்போது
பட்டன் கீழே நின்று
என் கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.
எண்பது பவுண்டு நாய்
ஒவ்வொரு நடைக்கும்
எண்பது பவுண்டு சோளமாகச் சீட்டில் ஏறும்.

ஆரினிடம் நாய் இல்லை.
பாரம் நிறுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் இருப்பார்.
வெறும் எடைக்கு மட்டும் இறங்கி,
கைகளைப் பைக்குள் விட்டு
மழை வருமா என்று மேகம் பார்ப்பார்.
இருநூற்றுப் பத்து பவுண்டு, பூட்ஸ் தவிர.

முதல் வருடம் தற்செயல் என்று நினைத்தேன்.
பிறகு, கூட்டுறவுச் சங்கத்தின் காசுதானே என்று நினைத்தேன்.
பள்ளத்தில் இறங்கிய என் காரை
டிராக்டர் கட்டி இழுத்தவர் ஆரின்.
என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம்
இரவு இரவாகக் கூட உட்கார்ந்தவர் வெர்லின்.
பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன்.
'சரியான எடை எனச் சான்றளிக்கிறேன்' என்று
சீட்டில் அச்சடித்தே வருகிறது.
அதன் கீழே கோணலாக ஒரு கையெழுத்து. என்னுடையது.

செவ்வாய்க்கிழமை மாநில ஆய்வாளர் மார்செல்லா டூப்ஸ்
ஒரு வண்டி இரும்புக் கற்களோடு வந்தாள்.
ஏற்றினாள், இறக்கினாள்,
நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தாள்.
இம்மிகூடப் பிசகவில்லை.
நீல வில்லையை ஒட்டிவிட்டு
"நேர்மையான தராசு" என்றாள்.
ஏறி நின்றதைச் சொல்லும், அவ்வளவுதான்.
யார் இறங்கிக்கொண்டார்கள் என்பது
அதனிடம் கேட்கப்படுவதில்லை.

ரேடியோவில் பெயர் சொல்லி வாக்கெடுப்பு.
ஆம். இல்லை. இல்லை. ஆம்.
பெயரைக் கேட்டதுமே பதில் தெரிந்துவிடுகிறது.
வெளியே வெர்லினின் வெறும் வண்டி காத்திருக்கிறது.
என்ன தோன்றியதோ,
ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தி
"வெர்லின், நாய்" என்றேன்.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.
என் குரல் களஞ்சியச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"எந்த நாய்?" என்றார் வெர்லின்
சன்னல் வழியே தலையை நீட்டி.
அவர் காலத்துக்கும் கேட்கப் போகும் கேள்வி போல,
அத்தனை நிதானம்.

கதவருகே பட்டன் வாலாட்டியது.
பொய் பொய்தான் என்ற ஆரினைப் பார்த்தேன்.
அடுத்த வண்டி அவருடையது.
"மேற்கே கறுக்கிறது" என்றார்,
அண்ணாந்து.

எடையைக் குறித்தேன்.
பேனா எழுதவில்லை.
உதறிவிட்டு மறுபடி கையெழுத்துப் போட்டேன்.