முழு டாங்க்

லேடிஸ்மித்தில் நிறுத்தச் சொன்னார் பூபாலன்.
முள் பாதிக்கு மேலேதான் நின்றது.
"இருக்கட்டும், நிரப்பிவிடலாம்" என்று இறங்கி
பங்க் பையன் குழாயை உருவும்வரை
பக்கத்திலேயே நின்று பார்த்தார்.
பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.
டர்பனிலிருந்து வடக்கே எங்கே கிளம்பினாலும்
கணவாய் ஏறுமுன் இந்த மனுஷருக்கு
டாங்க் நிறைந்திருக்க வேண்டும்,
எல்லோரும் ஒருமுறை
கழிவறைக்குப் போய்வந்திருக்க வேண்டும்.

பின்சீட்டில் கெருஷா படம் காட்டுகிறாள்:
கோட்டை ஓட்டல். இரண்டு கோபுரம்.
அகழி கிடையாது, நீச்சல்குளம் உண்டு.
தேனிலவுக்கு ஸ்பெயின் போன கம்பளி வியாபாரி ஒருவர்
அங்கே பார்த்ததைப் போலவே
மணற்கல்லில் கட்டினாராம்.
மனைவிக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை,
மூன்றே மாதத்தில் கப்பலேறிவிட்டாளாம்.
"புத்திசாலி" என்றான் தியோலன்
கண்ணைத் திறக்காமலே.

வான் ரீனன் கணவாய்.
லாரிகள் மூச்சிரைத்து ஏறுகின்றன.
மாகாணம் மாறும் பலகை பின்னால் போனபோது
கடிகாரத்தைப் பார்த்தார்.
பதினொன்று இருபது.
பார்க்காதவள்போல் நான் கியர் மாற்றினேன்.

எனக்கு ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்,
வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டு
முதுகைக் காட்டிக்கொண்டு:
எழுபத்தெட்டு. அவருக்கு ஒன்பது வயது.
லெனேசியாவில் சித்தப்பா கல்யாணம்,
கோர்ட்டினாவுக்குள் ஏழு பேர்.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் தங்கக்கூடாது.
கடந்து போகலாம், அவ்வளவே.
ஹாரிஸ்மித் விளக்குகள் வந்தன, போயின.
முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.
அப்பா காரை நிறுத்தவில்லை.
அம்மா காலி ஜாம் பாட்டிலை நீட்ட
அத்தைமார் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.
பிறகு, "அந்த ஸ்பானரைக் கொடு" என்றார்.

வரவேற்பறையில் இரும்புக் கவசத்தோடு ஒரு வீரன்.
முதுகில் பைன்டவுன் தொழிற்சாலை ஸ்டிக்கர்.
டிபுவோ என்று பெயர் குத்தியிருந்த பெண்
தடித்த பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.
வந்த நேரம் என்ற கட்டத்தில்
பூபாலன் எழுதினார்: 11.20.
"இப்போது ஒன்று பத்து ஆகிறது, சார்."
"ஆமாமாம்" என்று அடித்துவிட்டு எழுதினார்.
எத்தனை இரவு?
அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்:
இரண்டு.

எங்கள் அறைக்குப் பெயர் கிரனடா.
அறுபத்தொரு படி.
இறகு மெத்தை, சிங்கக்கால் போட்ட குளியல்தொட்டி,
கதவுக்கு என் முழங்கை நீளத்தில் சாவி.
பிள்ளைகள் உப்பரிகையில் நின்று
ஒருவரை ஒருவர் பிரபுவே என்றழைத்துச் சிரித்தார்கள்.
இரவு உணவில் காரமே இல்லை.
அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.
பெட்டியைக்கூடத் திறக்காமல் படுத்தார்.

மறுநாள் பத்தரைக்கு
அவரைக் காணோம்.
கோபுர ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
ஓட்டலின் முத்திரை தைத்த வெள்ளை அங்கியோடு
நம் காரில், டிரைவர் சீட்டில்.
கதவு திறந்திருக்கிறது. என்ஜின் ஓடவில்லை.
தோட்டக்காரர் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறார்.
நாயொன்று டயரை முகர்ந்துவிட்டுப் போகிறது.
குளத்தில் தியோலன் குதித்த சத்தம்.

பதினொன்று இருபது ஆயிற்று.
யாரும் வரவில்லை.
பதினொன்று இருபத்தாறு.

இறங்கினார்.
காரைப் பூட்டினார், இழுத்தும் பார்த்தார்.
மதிலோரம் நடந்து, கம்பி வேலியைத் தாண்டி
மக்காச்சோளக் கொல்லையின் விளிம்பில்
ஒற்றை பாப்லர் மரத்தடிக்குப் போய்
இத்தனை பளிங்குக் கழிவறை இங்கிருக்க
அங்கியை ஒதுக்கிக்கொண்டு நின்றார்.
நெடுநேரம் நின்றார்.
அண்ணாந்து கிளைகளைப் பார்த்தபடி
அவ்வளவு நிதானமாக.

நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

அறுபத்தொரு படியும் ஏறி மூச்சுவாங்க வந்தவர்
சிங்கக்கால் தொட்டியில் கால் சேற்றைக் கழுவினார்.
"மத்தியானத்துக்கு என்ன கிடைக்கும் இங்கே?" என்றார்.
"காரமா ஏதாவது கேட்டுப் பாரேன்."